யூ இல்லாட்டி என்ன?

ஸ்க்ராபிள் போர்டு விரிச்சாச்சு. உங்க கையில ஏழு எழுத்து. அதுல ஒண்ணு க்யூ. ஆனா யூ இல்லை! 'குயின்' போட முடியாது, 'குயிக்' போட முடியாது. எதிர்ல இருக்கிற கான்வென்ட் பார்ட்டி லேசா சிரிக்குது. 'இதுக்குத்தான் தமிழ் மீடியம் நாம ஒதுங்கியே இருக்கணும்'னு எழுந்திரிக்கப் போறீங்களா? உட்காருங்க பாஸ்.

க்யூவையும் ஐயையும் பக்கத்துல வைங்க. அதுவே ஒரு வார்த்தை! உச்சரிப்பு 'சீ'. உடம்புல ஓடுற உயிர்சக்திக்கு சீனர்கள் வெச்ச பேர். அமெரிக்க ஸ்க்ராபிள் போட்டிகளுக்கான வார்த்தைப் பட்டியல்ல 2006-ல் இடம் பிடிச்சது. நாம பக்கிரின்னு சொல்றோமே, அதைக்கூட எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர்னு எழுதலாம். யூவே தேவையில்லை. தலாக்குக்கும் கடைசி எழுத்து க்யூதான்.

இந்த எழுத்துக் கணக்கைப் போட்டவர் ஆல்ஃபிரட் பட்ஸ். 1930-களின் பொருளாதார மந்தத்துல வேலை இழந்த அமெரிக்க ஆர்க்கிடெக்ட். பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணினார். அதனாலதான் 100 வில்லைகள்ல இ மட்டும் 12. அபூர்வமா வர்ற க்யூவும் இஸட்டும் ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு, மதிப்பு தலா 10 பாயின்ட். எல்லாத்தையும் ஈஸியா பன்மையாக்கிடக் கூடாதுன்னு எஸ்ஸுக்கு நாலே வில்லை. அதை அவசரப்பட்டு செலவு பண்ணாதீங்க.

வார்த்தை கண்டுபிடிக்க மூணு வழி. ஒண்ணு, வாலைப் பிடிங்க. ஐ, என், ஜி மூணும் இருந்தா ஓரமா ஒதுக்கிட்டு, மீதி நாலு எழுத்துல வினைச்சொல் தேடுங்க. 'வாக்' கிடைச்சா 'வாக்கிங்'. ஏழும் காலி! இரண்டு, எழுத்துகளை வட்டமா அடுக்கி இடம் மாத்திக்கிட்டே இருங்க. 'லிஸன்' கலைஞ்சா 'சைலன்ட்'. மறுபடி கலைச்சா 'என்லிஸ்ட்', 'டின்செல்', 'இன்லெட்ஸ்'. ஆறு எழுத்து, அஞ்சு வார்த்தை! மூணு, இரண்டெழுத்து வார்த்தைகள். மொத்தமே நூத்துச் சொச்சம்தான். தினம் பத்துன்னு படிச்சா இரண்டு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

கவனிச்சீங்களா? இதுல எதுக்கும் நுனிநாக்கு இங்கிலீஷ் வேண்டாம். நம்பிக்கை இல்லைன்னா நைஜல் ரிச்சர்ட்ஸைப் பாருங்க. நியூஸிலாந்துக்காரர். 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலக சாம்பியன் ஆனார். ஆனா பிரெஞ்சுல பேச வராது! சுமார் ஒன்பது வாரம் உட்கார்ந்து பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் பண்ணினார், அவ்வளவுதான். 2024-ல் ஸ்பானிஷ் பட்டத்தையும் தட்டினார். அந்த மொழியும் பேசத் தெரியாமலேயே!

ஆனா ஒண்ணு. பட்டம் ஜெயிச்சதால அவருக்கு பிரெஞ்சு வந்துடலை. நமக்கோ இன்டர்வியூவுல பேசவும் வேணும். அதனால போர்டுல வைக்கிற புது வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் ஆட்டம் முடிஞ்சதும் டிக்‌ஷனரியில அர்த்தம் பாருங்க. அன்னிக்கே ஒரு வாக்கியத்துல பேசிப் பாருங்க. ஆட்டம் பயத்தைத்தான் போக்கும். மிச்சத்தை நீங்கதான் பண்ணணும்.

இன்னும் 'இங்கிலீஷ் நம்மளோடது இல்லையே'ன்னு தயக்கமா? நம்ம கட்டுமரம்தான் அங்கே 'கட்டமரான்'. மிளகுத்தண்ணிதான் 'முல்லிகட்டானி'. சுருட்டு, 'ஷெரூட்' ஆகி உட்கார்ந்திருக்கு. ஸ்பெல்லிங் பாருங்க, கரெக்டா ஏழு எழுத்து. ஏழையும் ஒரே வீச்சுல வெச்சா 50 பாயின்ட் போனஸ். தாத்தாவோட சுருட்டு இதுக்காவது உதவட்டுமே!