பரீட்சகரைப் பரீட்சிப்பது யார்?

ஆங்கிலம் பிழையின்றித் தெரிகிறதா என்று பிள்ளைகளைச் சோதிக்கும் வினாப் பத்திரத்திலேயே பிழை இருக்குமானால், அதன் பலனை அனுபவிக்க வேண்டியவர் யார்? வினா எழுதியவர் என்றே நியாயம் சொல்லும். நடைமுறையிலோ, மார்க்கை இழப்பவன் மாணவன்.

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த பி.எஸ்.ஏ.டி. பரீட்சையில், டோனி மாரிஸன் என்னும் எழுத்தாளரைப் பற்றிய வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அதில் பிழை எங்கே என்று கேட்டிருந்தனர். பிழையே இல்லை என்பது பரீட்சகர் வைத்திருந்த விடை. அம்மையாரின் பெயர் உடைமைப் பொருளில் மட்டும் வந்திருக்க, பின்வரும் பிரதிப்பெயர் அவரைச் சுட்டுவது இலக்கண விதிக்கு மாறானது என்று மேரிலாந்து ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். பரீட்சை நிறுவனத்தார் முதலில் ஒப்பவில்லை. ஆசிரியர் விடவில்லை. முடிவில், 2003-ல், அவ்வினா தள்ளப்பட்டு மார்க்குகள் மறுபடி கணக்கிடப்பட்டன.

நம் தேசத்திலும் திருத்தம் அசாத்தியமன்று. 2021 டிசம்பர் 11-ந் தேதி மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில், பெண்களை இழிவுபடுத்தும் பகுதி ஒன்று இடம்பெற்றது. பார்லிமெண்டில் கண்டனம் எழுந்தது. 13-ந் தேதியே அப்பகுதி நீக்கப்பட்டு, யாவருக்கும் முழு மார்க் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2018 நீட் பரீட்சையில் தமிழ் வினாக்கள் 49-ல் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்கு வந்தபோது நடந்ததென்ன? மதுரைக் கிளை ஹைகோர்ட்டு 196 மார்க் வழங்கச் சொல்லியது. சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் நேர்ந்தால் ஆங்கில மூலமே முடிவானது என்பது நீட் விதி. அந்த மூலத்திலேயே பிழை நேர்ந்தால் தமிழ் மாணவன் எதைப் பற்றி நிற்பது?

இத்தகைய பிழை எல்லாரையும் ஒருபடித்தாகப் பாதிப்பதில்லை. சேலம் ஜில்லா ஏற்காட்டைப் பாருங்கள். 1894-ல் தோன்றிய கன்னிமாடப் பள்ளியும், 1917-ல் தோன்றிய மாண்ட்போர்ட் பள்ளியும் தலைமுறை தலைமுறையாக அங்கு ஆங்கிலம் போதித்து வருகின்றன. அதே மலைமேல், சேர்வராயன் கோயிலைத் தம் குலதெய்வத்தின் இருப்பிடமாகப் போற்றும் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமங்களும் உள்ளன. பிழையான வினாவைக் கண்டால், ஆங்கிலச் சூழலில் வளர்ந்த பிள்ளை வினா தவறு என்று துணிந்து சொல்லும். வீட்டில் முதன்முதல் எழுத்தறிந்த பிள்ளையோ, தனக்கு ஆங்கிலம் வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும். மார்க் போவதினும் கொடிது, அப்பிள்ளையின் தன்னம்பிக்கை போவது.

துணிந்து ஆட்சேபிக்க முன்வந்தாலும் பணம் வேண்டும். நீட் விடையை ஆட்சேபிக்க வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் விதித்திருக்கின்றனர். ஆட்சேபம் சரியானாலும் அது திரும்பாது. பிறர் செய்த பிழையைச் சுட்டுவதற்கு ஏழை ஏன் அபராதம் செலுத்த வேண்டும்?

நாம் சலுகை கேட்கவில்லை. ஒவ்வொரு பரீட்சையின் வினாவும் விடையும் காரணத்துடன் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். ஆட்சேபத்துக்குக் கட்டணம் கூடாது. பிழை நிரூபணமானால், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் மார்க் தர வேண்டும். இவற்றை அதிகாரிகள் தாமாகச் செய்வார்களென்று காத்திருப்பது வீண். தேசத் தொண்டர்கள் மலைக் கிராமங்களுக்கும் சென்று, வினாப் பத்திரமும் தவறக்கூடும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.