நடப்பவருக்குப் பூஜ்யம்

மதுரை மெட்ரோ ரயில் திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது என்று 2025 நவம்பரில் செய்தி வந்ததல்லவா? அதற்கு மறுநாள் வக்கீல் நண்பர் ஒருவர், துஷ்டி கேட்க வருகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் 32 கிலோமீட்டர். பதினோராயிரம் கோடிக்கு மேல் மதிப்பீடு. எல்லாம் போச்சு, சார்!" என்றார்.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி மதுரை 20 லட்சத்தை எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. "பதினாலு வருஷத்துப் பழைய கணக்கு அது. இங்கே இருக்கிற ஜனங்களை எண்ணத் தெரியவில்லையே அவர்களுக்கு!" என்று பொருமினார்.

அவருடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர் பொருமிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் என் வாசலில் அவருடைய கார் நின்றது. அரை மைல் தூரத்திலிருந்து ஒற்றை ஆளாக ஏறி வந்த கார். அதைத் தாண்ட வழியில்லாமல் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் முப்பது பேருக்குக் குறையாது. "இந்த மினி பஸ்காரர்கள் தொல்லை தாங்க முடியவில்லை" என்றார் நண்பர்.

ஜனங்களை எண்ணவில்லை என்று டில்லியைக் கோபித்துக்கொள்கிறோம். நம்முடைய தெருவில் நாம் ஜனங்களை எண்ணுகிறோமா?

எண்ணுவதில்லை. வண்டிகளை எண்ணுகிறோம். அதற்கென்று ஒரு கணக்கே இருக்கிறது. சமவெளி நகரங்களின் சாலை எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்பதற்கு இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதில் காருக்கு மதிப்பு 1. மற்றதெல்லாம் எத்தனை காருக்குச் சமம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு 2.2 முதல் 3.7 வரை. சைக்கிளுக்கு 0.4 அல்லது 0.5. சைக்கிள் ரிக்ஷாவுக்கு 1.5 அல்லது 2. கைவண்டிக்கு 2 அல்லது 3.

பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அறுபது பேரை ஏற்றிவரும் பஸ், ஏறக்குறைய மூன்று கார் அளவுக்கு இடத்தை அடைக்கும் ஒரு பொருள். உள்ளே இருக்கும் அறுபது பேரும் கணக்கில் இல்லை. வாழைத்தார் ஏற்றிக் கைவண்டி தள்ளி வருகிறவன் இரண்டு மூன்று காருக்குச் சமமான இடைஞ்சல். நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது, அவர் பூஜ்யம்.

"அது சாலையின் கொள்ளளவை அளக்கும் கணக்கு, நடப்பவர்களை வேறு விதமாக எண்ணுவோம்" என்று எஞ்சினீயர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். இடத்தை அளப்பதற்கு அந்தக் கணக்கு சரிதான். இடம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பளிப்பதற்கும் அதையே எடுத்துக்கொள்வதுதான் அக்கிரமம். வாகனங்களுக்கல்ல, மனிதர்களுக்கே சாலையில் முதலிடம் என்று 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லிவிட்டது. சொல்லியும் என்ன? நடைபாதையைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும்.

நெரிசல் என்றால் நமக்குத் தெரிந்த ஒரே மருந்து பாலம். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலத்தை 2023-இல் திறந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். மேலே இருக்கும் வரை சுகம். நகரத்துப் பக்கம் இறங்கினால் பழைய நெரிசல் பழைய இடத்திலேயே காத்திருக்கிறது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த தூராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகளின் ஓட்டமும் கூடிவிடுகிறது என்று 2011-இல் கண்டு எழுதினார்கள். கிணறு வெட்டினால் தண்ணீர் ஊறும்; சாலை வெட்டினால் கார் ஊறுகிறது.

"எல்லாம் சரி. ஜனங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்களா?" என்பது நண்பர் கையில் இருந்த கடைசி அஸ்திரம்.

மதுரையில் இருந்துகொண்டா இதைக் கேட்பது? 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் விட்டபோது ஜனங்களுக்கு மாட்டு வண்டிதான் பழக்கம். அந்த பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்களாம். பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ் ஓட்டவும் அவர் வழி கண்டார். பக்கத்துப் புதுக்கோட்டையில், 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். ஊர் சிரித்தது. கேலியைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. மாதம் சராசரி 888 ரூபாய் அவர்களுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. இவர்களில் எவரையும் பிரசங்கம் செய்து யாரும் மாற்றவில்லை. வண்டி வந்தது, ஏறினார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வந்து எங்கள் தெருவில் விற்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். மெட்ரோ வராதாம் என்று அவளிடம் சொன்னேன். "அது கெடக்கட்டும்யா. விடிகாலை பஸ்ஸு நேரத்துக்கு வந்து, கையைக் காட்டினா நிக்கணும். எறங்கினா ரோட்டைத் தாண்டணும். அம்புட்டுத்தான்யா நமக்கு" என்றாள்.

அவள் கேட்பதற்குப் பதினோராயிரம் கோடி வேண்டாம். பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரம், 1974-இலேயே சாலையில் கோடு போட்டு, பஸ்ஸுக்கென்று தனித்தடம் கொடுத்தது. உலகத்து ஊர்கள் பல போய்ப் பார்த்துப் பாடம் படித்தன. மதுரைக்கும் அப்படிச் செய்யலாமே என்றால் என் நண்பருக்கு அவமானமாக இருக்கிறது. "பஸ்தானா நமக்கு?" என்கிறார். மெட்ரோ வரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. வந்தாலும் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துதானே போகவேண்டும்? எதில் நடப்பது?

மனிதனை எண்ணத் தெரியாத ஊர் அல்ல இது. சித்திரை வீதிகளில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. கிழவிகளும் குழந்தைகளும் நடு வீதியில் நடக்கிறார்கள். அழகர் வைகையில் இறங்கும் நாளன்று லட்சக்கணக்கான பேர் கால்நடையாக வருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுகிறோம். கார் வைத்திருப்பவரும் அன்று முணுமுணுக்காமல் நடக்கிறார். ஒரு நாளைக்குத் தெரிகிற கணக்கு மற்ற நாட்களுக்கு ஏன் மறந்துபோகிறது?

ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள் கோரிப்பாளையத்தில் தொடங்கட்டும். விடியற்காலை முதல் இரவு வரை, ஒரு நாள் முழுக்க, வண்டிகளை விட்டுவிட்டுத் தலைகளை மட்டும் எண்ணட்டும்: பஸ்ஸில் எத்தனை, சைக்கிளில் எத்தனை, நடையில் எத்தனை, காரில் எத்தனை. வந்த விகிதப்படி சாலையைப் பங்கு போடட்டும். பாகப்பிரிவினை வழக்குகளில் என் வக்கீல் நண்பர் கெட்டிக்காரர். இந்த வழக்கையும் அவரே நடத்தலாம். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன்.

அவர் நடந்து வரட்டும்.