டம்ளரைத் தள்ளி வைக்காதீர்கள்!

கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. பௌர்ணமி என்றால் உறவுக்காரர்கள் வந்து, காபி குடித்துவிட்டுத்தான் நடக்கக் கிளம்புவார்கள். சென்ற பௌர்ணமிக்கு என் கணவரின் அண்ணனும் வந்திருந்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து, இப்போதுதான் நடமாடுகிறார். அவர் குடித்த டம்ளரை ஓர் உறவுக்கார அம்மா புடவைத் தலைப்பால் பிடித்து எடுத்துப்போய்த் தனியாக வைத்தார். என் ஓரகத்தியின் கண் கலங்கிவிட்டது.

பீடி, வெற்றிலை, புகையிலை, குடி எதையும் தொடாதவர் அவர். "அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டவர்களிடம், 'ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம்' என்று டாக்டர் சொன்னதை ஓரகத்தி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அது தாம்பத்திய உறவில் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும், ஊர் வாய் அவருடைய நடத்தையையே பேச ஆரம்பித்துவிட்டது!

சகோதரிகளே, டாக்டரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் தொற்றுமாம். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவர்களுக்கும் வரலாம். பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் உடம்பிலேயே தங்கி, பல வருடம் கழித்துப் பெண்களுக்குக் கருப்பை வாயிலும், ஆண், பெண் இருவருக்கும் டான்சில், அடிநாக்கிலும் புற்றுநோயாக மாறுகிறது. புற்றுநோய் டம்ளரால் ஒட்டாது!

நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் காரணம் புகையிலையும் பாக்கும்தான். அதற்காக, அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. கழுத்தில் வலியில்லாத கட்டி, விழுங்கச் சிரமம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இருந்தால், கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படுமாம்.

இந்த வைரஸைத் தடுக்க ஊசி இருக்கிறது. 2023 முதல் நம் நாட்டிலேயே தயாராகி விற்பனைக்கு வந்திருக்கிறது. 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போட, 2025-ல் தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். எட்டாவது படிக்கும் என் மகளுக்கு நான் போட்டுவிட்டேன். "வயசுப் பொண்ணுக்கு இந்த ஊசி எதுக்கு? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றார் மாமியார். "நாலு பேர் பேச்சுக்குப் பயந்தா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யாரு அலையறது அத்தை?" என்றேன். பிறகு அவரே துணைக்கு வந்தார்.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள். தொண்டை ஆணுக்கும் உண்டே! நம் அரசும் யோசிக்க வேண்டும்.

நோயாளி வீட்டுக்குப் போனால் "எப்படி வந்தது?" என்று துருவாமல், "என்ன சாப்பிட முடிகிறது?" என்று கேட்போமே! அடுத்த பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான். நான் சொல்வது சரிதானே, தோழிகளே?

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.