நம்பர் பிளேட்டையுமா விட்டுவைக்க மாட்டார்கள்?

காரைத் திருடுகிறான், சரி. பேட்டரி, ஸ்டெப்னி, அதுவும் புரிகிறது, வாங்க ஆள் இருக்கிறது. நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய் என்னங்க செய்வான்? ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. எடைக்குப் போட்டால் ஒரு டீ, ஒரு வடை.

அவன் எங்கே எடைக்குப் போடப் போகிறான்? அதே மாடல், அதே கலர் வண்டியில் மாட்டுவான். சிக்னலைத் தாண்டுவான். செயின் அறுப்பான். கேமராவுக்கு எழுத்தைத்தானே படிக்கத் தெரியும்? சலான் நம் செல்போனுக்கு வந்து விழும்.

இதைத் தடுக்கத்தானே 2019 ஏப்ரல் 1 முதல் விற்கிற புது வண்டிக்கெல்லாம் ஹை செக்யூரிட்டி பிளேட் என்றார்கள்? அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், ஓரத்தில் நீலத்தில் ‘ஐ.என்.டி.’. மாட்டுவதற்கு ஸ்னாப் லாக். உடைத்தால்தான் கழற்ற முடியும், உடைத்ததைத் திரும்ப மாட்ட முடியாது. கேட்கவே எவ்வளவு நிம்மதி!

பம்பரில் ஒரு கீறல் என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பாருங்கள். டிரில் போட்டு ஸ்னாப் லாக்கை எடுப்பார்கள். திரும்பி வரும்போது அந்த இடத்தில் இரண்டு சாதா ஸ்க்ரூ இருக்கும். “டைட்டா இருக்கு சார், கழலவே கழலாது.” என் வண்டிக்கும் இதே வேதவாக்குதான் சொன்னார்கள். தெருவில் நிறுத்தியிருந்தேன். காலையில் பார்த்தால் பின்பக்கம் மொட்டை.

ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் ரொம்பப் பொறுமையாகச் சொல்கிறார்: “திருட்டுன்னு ஏன் சார் எழுதறீங்க? எங்கயாவது விழுந்திருக்கும். காணோம்னு எழுதிக் குடுங்க, உடனே சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தரேன்.”

விழுந்ததாம்! ஸ்க்ரூ இரண்டும் தானாகக் கழன்று, பம்பருக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டதா? திருட்டு என்று எழுதினால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், ஸ்டேஷன் கணக்கில் ஒன்று கூடும். விழுந்தால் யாருக்கும் கணக்கில்லை, பாருங்கள்.

புது பிளேட் வேண்டுமென்றால் புகார் நகல் கொடு. அது வரும்வரை மொட்டை வண்டியை எடுத்தால் நமக்கு ஃபைன். நம் பிளேட்டோடு சுற்றுகிறவனை யார் நிறுத்தப் போகிறார்கள்? நமக்குச் சலான், அவனுக்குச் சலாம்! அந்தச் சலான் நமதில்லை என்று காட்ட வேண்டியதும் நாம்தான். வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது என்பதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? தெரு நாயையா?

2024 மே மாதம் சென்னையில் பிளேட்டில் கண்டதையும் ஒட்டியிருந்தவர்களைப் பிடித்து ஃபைன் போட்டார்கள். சுரண்டினார்கள், எடுத்தார்கள். இப்போது ரோட்டில் போகிற வண்டிகளைப் பாருங்கள், மறுபடி ஸ்டிக்கரில் தலைவர்கள் சிரிக்கிறார்கள். பிளேட் மட்டும் யாருடையது என்று பார்த்துவிடப் போகிறார்களா?

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கிறீர்களா, பாலிஷை அப்புறம் ரசியுங்கள். முதலில் குனிந்து பிளேட்டைப் பாருங்கள். ஸ்க்ரூ தெரிந்தால், ஸ்னாப் லாக் போடாமல் சாவியை வாங்காதீர்கள். தெருவில் நிறுத்தினால் பின்பக்கம் சுவரை ஒட்டட்டும், அதற்கு ஒரு சுவர் கிடைத்தால். அப்படியும் போய்விட்டால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள். என்ன சமாதானம் சொன்னாலும் ‘திருட்டு’ என்றே எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீதைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பின்னால் வரப்போகும் சலானுக்குக் காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.