யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும்?

“அடுத்து யார் வரப்போகிறார்? அடுத்து யார் சாகப்போகிறார்?” இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு பெருங்கூட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் ஓயாமல் வாதாடியது என்றால் நம்புவது கடினமாகத்தான் இருக்கும். ஆயினும் உண்மை அதுவே. 2010 அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, 2022 நவம்பர் 20-ஆம் நாள் முடிவுற்ற ‘தி வாக்கிங் டெட்’ என்னும் தொடரைப் பற்றியே கூறுகிறோம். பதினொரு சீசன்கள், 177 பகுதிகள். இறந்தோர் எழுந்து நடைபிணங்களாய்த் திரிய, மிஞ்சிய சிலர் ஜார்ஜியா மாநிலத்தின் காடுகளிலும் சாலைகளிலும் உயிர் பிழைக்கப் பாடுபடுவதே கதை.

இதையா நம் பள்ளி மலரில் எழுதுவது என்று மதிப்பிற்குரிய சகோதரியர் முகம் சுளிக்கக்கூடும். வெட்டும் குத்தும் இரத்தமும் மிகுந்த தொடர்தான். கீழ் வகுப்புத் தங்கையர் பார்க்கத் தக்கதன்று என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. மேல்நிலை வகுப்பினராகிய எங்களுள் சிலர் வீட்டார் அறியவே பார்த்தோம். மற்றவர்கள் கதை கேட்டே தேர்ச்சி பெற்றனர்! எனினும் நாங்கள் பேச விரும்புவது நடைபிணங்களைப் பற்றி அன்று. பார்த்தவர்களின் வாதத்தைப் பற்றி.

இரசிகர்கள் தொடக்கத்திலேயே இரு கட்சியாகப் பிரிந்தனர். தொடருக்கு மூலம் ஒரு படக்கதை. இராபர்ட் கிர்க்மன் எழுதி 2003 முதல் 2019 வரை 193 இதழ்களாக வெளிவந்தது அது. அதைப் படித்தவர்கள் ஒரு கட்சி. படியாதவர்கள் மறு கட்சி. படித்தவர்களுக்கு இருந்த பெருமிதத்தைக் கேட்க வேண்டுமா? 2012 மார்ச்சில் இரண்டாம் சீசன் முடிந்தபோது, முகத்தை மூடிய உருவம் ஒன்று, கையற்ற இரு நடைபிணங்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வாளுடன் தோன்றியது. படியாதவர்கள் திகைத்தனர். படித்தவர்களோ, “மிஷோன் வந்துவிட்டாள்!” என்று ஆர்ப்பரித்தனர். அந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டனாய் குரீரா அவ்வளவாகப் பெயர் பெறாத காலம் அது. அவர் பொருந்துவாரா மாட்டாரா என்று அடுத்த சில மாதங்கள் வாதம் நடந்தது. ஜிம்பாப்வேயில் வளர்ந்த அவர் நாடக ஆசிரியையும் ஆவார். அவர் எழுதிய நாடகம் 2016-இல் பிராட்வே அரங்கு ஏறியது. பொருந்துவாரா என்று கேட்டவர்களின் குரல் பிறகு கேட்கவே இல்லை.

வரப்போகிறவரைப் பற்றிய ஆவலில் குற்றமில்லை. எங்கள் வருத்தமெல்லாம் மற்றொரு பட்டியலைப் பற்றியது. புதியவர் வரவேண்டுமானால் பழையவர் போகவேண்டும் அல்லவா? ‘யார் போகட்டும்?’ என்று கேட்டு, வேண்டாதவர்களின் பெயர்களை இரசிகர்கள் வரிசைப்படுத்தினர். அந்த வரிசையில் முதலில் நின்றவர்கள் யார் தெரியுமா? அழுகிறவர்கள், தடுமாறுகிறவர்கள், சண்டையிடத் தெரியாதவர்கள், பிள்ளையைச் சுமக்கிறவர்கள். கதாநாயகன் ரிக்கின் மனைவி லோரியைத் திட்டாத இரசிகர் அரிது. அவள் எடுத்த முடிவுகள் சில தவறானவைதாம்; ஆனால் அதே கதையில் ஆண்கள் செய்த பெருந்தவறுகளுக்கு அத்தனை வசை விழவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். 2012 நவம்பரில் லோரி பிள்ளை பெற்று இறந்தபோது மகிழ்ந்தவர்களும் உண்டு. தாய் இறப்பதற்கும் கைதட்டலா?

படக்கதையைப் படித்தவர்களின் கணக்கும் பொய்த்தது. கதையில் லோரியும் கைக்குழந்தை ஜூடித்தும் ஒன்றாகவே சுட்டுக் கொல்லப்படுகின்றனர். தொடரில் குழந்தை பிழைத்தது, வளர்ந்தது, இறுதிப் பகுதி வரை நின்றது. கதையில் கடைசிவரை வாழும் சிறுமி சோபியா, தொடரில் 2011-லேயே நடைபிணமாகிக் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்தாள். கதையில் மனமுடைந்து சிறைச்சாலையில் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளும் கேரல் என்னும் பெண்ணோ, தொடரில் கடைசிவரை வாழ்ந்தாள்.

கேரலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் சீசனில் அவள் கணவனிடம் அடிபட்டு, வாய் திறவாமல் துணி துவைப்பவள். அவளால் ஏதாவது ஆகும் என்று அன்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவளே 2014 அக்டோபரில் வந்த பகுதியில், தன் கூட்டத்தார் அனைவரையும் மனிதரைத் தின்னும் கொடியோரிடமிருந்து தனியொருத்தியாய் மீட்டாள். மெலிஸா மெக்பிரைட் அந்த மாற்றத்தை ஒரேயடியாகக் காட்டாமல், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் காட்டியது எங்களை வியக்க வைத்தது.

ஆனால் அதே கேரலும் ஒரு முறை அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாள். நான்காம் சீசனில், அவர்கள் தங்கியிருந்த சிறைச்சாலையில் தொற்றுக் காய்ச்சல் பரவியபோது, முதலில் நோயுற்ற இருவரைக் கொன்று உடலை எரித்துவிட்டாள். பலர் பிழைக்க இருவர் போகட்டும் என்பது அவள் கணக்கு. அவள் செய்தது சரியே என்று எங்களுள்ளும் வாதிட்டவர்கள் உண்டு. விஞ்ஞானப் பாடம் படிப்பவர்கள்தாம் அதிகம்! ஆனால் காய்ச்சல் நின்றதா? இல்லை, பரவிக்கொண்டே போயிற்று. அதே வேளையில் முதியவர் ஹெர்ஷல், ஒரு காலை இழந்தவர், காட்டுக்குப் போய் எல்டர்பெர்ரி பழங்களைப் பறித்து வந்து கஷாயம் வைத்து, தமக்கும் தொற்றும் என்று அறிந்தே நோயாளிகளிடையே சென்றார். அவர் கால்நடை மருத்துவர். மனிதருக்கான மருந்து அங்கு ஏதுமில்லை. எல்லோரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் மருந்து வந்து சேரும்வரை சிலரையாவது உயிரோடு வைத்திருந்தது அவர் பணிவிடைதான். பட்டியல்படி பார்த்தால், ஒற்றைக்கால் கிழவர் முதலில் போக வேண்டியவர் அல்லவா?

இனி, நம் சகோதரியர் விரும்பிக் கேட்கக்கூடிய ஒன்று. 2014-இல் காபிரியேல் என்னும் குரு ஒருவர் கதைக்குள் வந்தார். எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தவர். கேடு தொடங்கிய நாள்களில் ஆலயக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டவர். அவருடைய சபை மக்கள் வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி மாண்டனர், அவர் திறக்கவில்லை. இது தெரிந்ததும் இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். பின்னர் அவர் அடைக்கலம் தந்தவர்களையே காட்டிக்கொடுக்கும் விதமாகப் பேசவே, “இந்தக் கோழை எப்போது சாவான்?” என்பதே பேச்சாயிற்று. எங்களுக்கும் அவர்மேல் ஆத்திரம்தான், அதை மறைப்பானேன்? படக்கதையில் அவர் முடிவுக்கு முன்பே கொல்லப்படுகிறார். தொடரை ஆக்கியோர் அவரைச் சாகவிடவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2022-இல் இறுதிப் பகுதியில், ஒரு நகரத்தின் செல்வர்கள் தம் பகுதியின் வாயிலைப் பூட்டிக்கொள்ள, வெளியே மக்கள் நடைபிணங்களிடையே சிக்கி அலறினர். துப்பாக்கிகள் தம்மை நோக்கியிருக்க, அந்த வாயிலைத் திறக்கச் சென்றவர் காபிரியேல்! இரசிகர்கள் கேட்டபடி 2014-லேயே அவர் மாண்டிருந்தால், அந்தக் கதவருகே போக வேறு யாருக்கு அத்தனை அவசரம் இருந்திருக்கும்?

“கற்பனைக் கதைக்கு இத்தனை வாதமா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். எறிபந்து அணிக்கு ஆள் எடுக்கும்போதும், ஆண்டு விழா நாடகத்துக்குப் பெயர் எழுதும்போதும், “அவள் எதற்கு?” என்ற சொல் நம் வாயில் எவ்வளவு எளிதாக வருகிறது! வாரம் ஒரு முறை திரையின் முன் பழகிய சொல், மறுநாள் வகுப்பில் வராமல் இருக்குமா?

எனினும் எங்கள் வாதம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. 2016 ஏப்ரலில் நீகன் என்னும் கொடியவன் வந்தான். முள்கம்பி சுற்றிய மட்டையை ஓங்கி அவன் யாரை அடித்தான் என்று காட்டாமலே சீசனை முடித்துவிட்டனர். ஆறு மாதம் உலகெங்கும் அதே பேச்சு. அக்டோபர் 23-ஆம் நாள் விடை வந்தபோது அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தனர். மாண்டவர்கள் ஆபிரகாமும், எல்லோரும் நேசித்த கிளென்னும். அதன் பிறகு பார்ப்போர் தொகை தேய்ந்துகொண்டே போயிற்று. நீகனோ போகவில்லை. சிறைப்பட்டான், மெல்ல மாறினான், பிறருக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தான். அவனையும் ஏற்க வேண்டும் என்பார் எங்களுள் ஒரு சாரார். காபிரியேலுக்கு ஒரு நியாயம், நீகனுக்கு ஒரு நியாயமா என்பது அவர்கள் கேள்வி. மற்றவர்கள் கிளென்னின் மனைவி மேகியைச் சுட்டிக் காட்டுகின்றனர். இறுதிப் பகுதியில் நீகன் அவளிடம் வருந்திப் பேசுகிறான். அவன் மாறியதை அவள் அறிவாள்; ஆனால் தன்னால் மன்னிக்க இயலாது என்று அவனிடமே சொல்லிவிடுகிறாள். அவன் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டாளே, அதுவே பெரிது என்கிறோம் நாங்கள். அது போதாது என்கின்றனர் எதிர்க் கட்சியினர். ஆண்டு இறுதித் தேர்வு நெருங்கியும் இந்த வாதம் ஓய்ந்தபாடில்லை.