ஏ.சி-யில் சொட்டும் தண்ணீர் டிஸ்கஸ் மீனுக்கு ஆகுமா?

டிஸ்கஸ் மீன்கள் ஜோடி சேர்ந்து, தொட்டியில் வைத்த மண் கூம்பின் மேல் வரிசையாக முட்டையிட்டுவிட்டால் வளர்ப்பவருக்குத் தலைகால் புரியாது. இரண்டாம் நாள் பார்த்தால் மொத்த முட்டையும் வெள்ளை வெளேர்! ஜோடியில் இரண்டுமே பெண்ணாக இருந்தாலும் இப்படி ஆகும், அது வேறு கதை. பல வீடுகளில் காரணம், தண்ணீர்தான்.

டிஸ்கஸ், நியான் டெட்ரா எல்லாம் அமேசான் படுகையின் மென்நீரில் வாழ்பவை. நம்மூர் போர்வெல் தண்ணீரோ வாளியில் வெள்ளைப் படிவம் விடும் ரகம். வளர்ந்த மீன் அதில் சமாளித்துவிடும். ஆனால், கால்சியம் அதிகமானால் கருவுறும் முட்டைகள் குறைந்துவிடும்.

உடனே ஒரு டி.டி.எஸ் மீட்டர் வாங்கி, எந்தத் தண்ணீரில் எண் குறைவு என்று தேடத் தொடங்குகிறார்கள். சிக்கலே இங்கேதான். ஏ.சி-யில் சொட்டும் தண்ணீரில் மீட்டரை விட்டால் எண் மிகக் குறைவாகவே காட்டும். இலவசமும்கூட. ஆனால் அது செம்புக் குழாய், அலுமினியத் தகடுகள், தூசியும் பாசியும் படிந்த தட்டு எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறது. ஏ.சி சர்வீஸில் அடித்த கெமிக்கலின் மிச்சமும் இருக்கலாம். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே மீன்குஞ்சுகளைக் கொல்லும். கரைந்திருப்பது உப்பா, செம்பா என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. எனவே, ஏ.சி தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக் குழாயில் மாட்டும் சாஃப்ட்னரும் உதவாது. கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும், அவ்வளவுதான். சோப்பு நன்றாக நுரைக்கும், உப்பு குறையாது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்? எங்கே, எப்படித் தயாரித்தது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மழைநீர் நல்லதுதான். முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். இருபது நிமிடம் கழித்து, திறந்தவெளியில் பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பிடிக்கலாம். சிமென்ட் தொட்டியில் சேமித்தால் சுண்ணாம்பு கரைந்து மறுபடி கடினமாகிவிடும்.

வருடம் முழுக்கக் கைகொடுப்பது சமையலறை ஆர்.ஓ. குடிக்கும் பக்கம் வரும் தண்ணீர் மட்டும். கழிவுக் குழாயில் வருவதில் உப்பு இன்னும் அதிகம். சில மெஷின்கள் கடைசியில் மினரல் சேர்க்கும் என்பதால் ஒருமுறை அளந்து பாருங்கள். தனி ஆர்.ஓ தண்ணீரில் பி.ஹெச் திடீரென்று சரியும் என்பதால் கலந்தே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் 400, ஆர்.ஓ 20 என்றால், ஒன்றுக்கு மூன்று வாளி கலக்கும்போது 115 கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். ஒரேநாளில் மொத்தத்தையும் மாற்றாமல், சில நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். அவற்றுக்குக் கடினநீர்தான் பிடிக்கும்.