குதிரை இருக்கட்டும், லாடம் அடிக்க ஆள் இருக்கிறாரா?



நாலு நாளாகக் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே குதிரைப் பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், அங்கே ஒரு மலைப்பகுதியில் முழுநாள் குதிரைச் சவாரி போய்வந்து படங்கள் போட்டிருந்தார். ஏரிக்கரையில் வரிசையாகக் குதிரைகள், பின்னால் மலை, தூரத்தில் மான் கூட்டம். நல்ல படங்கள். எனக்கே கொஞ்சம் பொறாமைதான். அதோடு விடாமல், "நம்ம பக்கம் மலை இல்லையா, குளம் இல்லையா, மான் இல்லையா? ஆறு குதிரை வாங்கிப் போட்டால் என்ன சார்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். இரண்டு பேர் பணம் போடத் தயார். ஒருவர் கம்பெனிக்குப் பெயரே வைத்துவிட்டார். "நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்று என்னையும் இழுக்கிறார்கள். சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே வரும். வகுப்பில் நெளிந்தவர்கள் இங்கேயும் நெளிந்துகொள்ளலாம்.

இந்தத் திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ஏசி அறையும் கைப்பேசியுமாகத்தான் கிடக்கிறார்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களை ஒரு நாள் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் இவ்வளவு செய்திகளையும் உட்கார்ந்து படித்தேன். குதிரை எங்கே வாங்குவது, என்ன விலை, என்ன நிறம், கட்டணம் எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. அந்தக் குதிரையை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரிகூட இல்லை. என் கவலை அதுதான். அதுவும் காயலில் பிறந்தவர்கள் இதை மறக்கலாமா?

சரித்திரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதும்போது முதலில் சொல்வதே குதிரைக் கப்பல்களைத்தான். ஹோர்முஸ், கீஷ், ஏடன், அரபு நாடு என்று மேற்கிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பலெல்லாம் இங்கேதான் வந்து நிற்கும் என்கிறார். (அந்தக் காயல் நம் காயல்பட்டினமா, ஆற்று முகத்துவாரத்துப் பழையகாயலா என்ற வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். கால்டுவெல் பழையகாயல் பக்கம் சாய்ந்தார். நம் ஆட்கள் விடுவார்களா?)

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தருகிறார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் தன் குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம். இது தவிர, பாண்டிய நாட்டுக்கும் காம்பே முதலான துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்த காலமும் உண்டாம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கடலில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு! ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன்தான் இங்கே பாண்டியனின் அமைச்சர், காயல் துறையும் அவர் பொறுப்பில். விற்பவரும் வாங்கித் தருபவரும் ஒரே குடும்பம். இந்தக் காலமாக இருந்தால் விசாரணைக் கமிஷன் வைத்திருப்பார்கள்.

இவ்வளவு குதிரையும் என்ன ஆயிற்று? மார்க்கோ போலோ சொல்வதைக் கேளுங்கள். பாண்டிய நாட்டை ஆண்ட சகோதரர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினார்கள். வருடம் முடியும்போது 100கூட மிஞ்சுவதில்லை. காரணத்தையும் அவரே எழுதுகிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவரும் இல்லை. குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆளைக் கூட்டி வருவதில்லை, தானாக வர நினைப்பவரையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம்!

போலோ அரைக்கு அரை மிகைப்படுத்தியிருக்கிறார் என்றே வையுங்கள். அப்போதும் எத்தனை ஆயிரம் உயிர்! நம் கப்பல், நம் துறைமுகம், நம் பெருமை என்று மேடையில் பேசுகிறோம். கரையிறங்கிய அந்தப் பிராணிகள் எங்கே புதைந்தன என்று ஒருவரும் பேசக் கேட்டதில்லை.

தீனி விஷயமும் வேடிக்கை. சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. வறுத்த பார்லி, நெய்யில் பிசைந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வஸ்ஸாஃப். இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நம் களரிச் சாப்பாடு. அன்பு குறைந்து செய்த வேலை இல்லை அது, விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்திருக்கிறார்கள். குதிரையின் வயிறு வேறு. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை மென்றுகொண்டே இருக்க வேண்டிய பிராணி அது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. மனிதனுக்கு வயிற்றுவலி என்றால் ஓமவாட்டர். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் பல சமயம் உயிரே போகும்.

மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருள் கோயிலுக்குப் போக, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவிலேயே மறுபடி நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. இந்தக் கதையை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, பாவம் அந்த லாயத்துக் குதிரைகள். யார் பக்தியும் யார் கோபமும் ஆனாலும் கடிபட்டது அவைதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். எங்கள் பையன் பருவத்தில் ரயிலடியில் குதிரை வண்டி நிற்கும். வண்டிக்காரர் முதலில் குதிரைக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் தான் டீ குடிப்பார். குதிரை கால் மாற்றி வைக்கும் விதத்தைப் பார்த்தே லாடம் தேய்ந்ததைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்கள் இன்று எத்தனை பேர் மிச்சம்? லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆறு குதிரை என்றால் இருபத்துநாலு கால். வருடத்துக்கு எத்தனை முறை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கணக்குப் பாடம் மறந்திருக்காது. சாதாரண நாளிலேயே ஒரு குதிரை 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும், நம் வெயிலில் இன்னும் கூடும். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாத குதிரையை ஊருக்குள் கொண்டுவரவே கூடாது.

சுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் முதுகில் ஏறலாம், சேணமும் சேர்த்து. 350 கிலோக் குதிரை என்றால் 70 கிலோ. நம் குடும்பத்தில் இந்தக் கணக்குக்குள் அடங்குகிற மச்சான்மார் யார் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரவருக்கே தெரியும்.

வழி பற்றி. காலையில் தேரி, மதியம் கடம்பாகுளம், மாலையில் வல்லநாட்டு மான் என்று ஒருவர் அட்டவணை போட்டிருக்கிறார். குதிரை நடந்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர், ஓய்வும் தண்ணீரும் போக ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். பைக்கில் போகிற கணக்கைக் குதிரை மேல் ஏற்றாதீர்கள்.

வல்லநாடு வேண்டாம் என்பது என் கருத்து. 1987ல் சரணாலயமாக அறிவித்த சின்னக் குன்று அது. மொத்தமே 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் நாட்டின் தென்கோடி அதுதான். நடந்து வருகிற மனிதனைவிடக் குதிரைமேல் வருபவனைக் கண்டு மான் குறைவாக மிரளும் என்று அந்த மாணவர் எழுதியிருந்தார். உண்மைதான், அவர் சொன்னதிலேயே பலமான வாதமும் அதுதான். ஆனால் ஒரு நாள் ஆறு குதிரைக்கு அந்த வாதம் சரி, தினமும் ஆறு குதிரை போனால்? மான் பார்க்க ஆசையா, வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் போய், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு வரை போகலாமே என்று இன்னொருவர். களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988லிருந்து. அங்கே குதிரையும் சவாரிக்காரரும் புலிக்கு ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கையை விடுங்கள். குதிரை லத்தியில் வெளியிலிருந்து வரும் களை விதைகள் முளைக்கும். அமெரிக்காவில் பல அரசுக் காடுகளுக்குள் குதிரைக்குக் களை விதை இல்லாத வைக்கோல்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதியே இருக்கிறது. படம் போட்டவர் அதையும் விசாரித்து எழுதியிருக்கலாம். நம் ஆறு பிறக்கிற காடு அது. சும்மா இருக்கட்டும்.

மிச்சம் தேரியும் குளமும். குதிரைமொழித் தேரி, பெயரிலேயே குதிரை இருக்கிறது. செம்மண் மேடும் பனையும், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையும் பார்க்கத்தான் எத்தனை அழகு! ஆனால் கால் புதையும் மணலில் நெடுநேரம் நடந்தால் குதிரையின் கால் தசைநார் போய்விடும். ஓரத்துக் கெட்டித் தடத்தில் காலை ஒன்பதுக்குள் ஒரு சுற்று, அதோடு சரி. கடம்பாகுளம் போன்ற குளக்கரைகள்தான் எனக்குப் பிடித்த வழி. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தென்கால் எப்படிக் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வருகிறது என்பதைப் புத்தகத்தில் சொல்லிப் புரிய வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குதிரை மேல் உட்கார்ந்து மெதுவாகப் போகிற பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுதில் புரிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் பறவைகள் வந்து இறங்குகிற நேரம். பொங்கலையொட்டி நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நம் பிள்ளைகளையும் அனுப்பலாம்.

அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. 2023 டிசம்பரில் ஒரே நாளில் நம் ஊரில் 95 செ.மீ. மழை கொட்டியது, பல குளங்களின் கரை உடைந்தது. யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரக்கரையில் ஆறு குதிரை வரிசையாக மிதித்தால் என்ன ஆகும் என்று விவசாயிகளிடம் கேளுங்கள். நீர்வளத்துறை அனுமதியும் வேண்டும், அந்தந்த ஊர்க்காரர்களின் சம்மதமும் வேண்டும். மழைக்காலத்தில் குதிரை லாயத்திலேயே நிற்கட்டும். சம்பாதிக்காத மாதங்களிலும் அது சாப்பிடும் என்பதைப் பணம் போடுகிறவர்கள் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மலைவாசஸ்தலங்களில் சீசன் முடிந்த பிறகு ரோட்டோரம் குப்பையைக் கிளறி நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாளி அந்தக் கணக்கை எழுதாமல் விட்ட குதிரைகள் அவை.

ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தைக்கு நாலு பேர் கிளம்புவதாகக் கேள்வி. போய் வாருங்கள், வாங்காமல் வாருங்கள். அங்கே குதிரை விற்க வருபவர்களிடம், குதிரை வளர்த்து, லாடம் அடித்துப் பழகிய குடும்பம் ஏதாவது நம் பக்கம் வந்து தங்குமா என்று விசாரியுங்கள். வீடு, மாதச் சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் பேசி முடியுங்கள். பள்ளியில் சேர்த்துவிடுகிற பொறுப்பு என்னுடையது. திருச்செந்தூர், ஆறுமுகநேரி, குரும்பூர் வட்டாரத்தில் பழைய வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், நானே போய்ப் பார்க்கிறேன். ஆள் கிடைத்தால் ஆறு வேண்டாம், இரண்டு குதிரையில் தொடங்கலாம்.